மரத்துக்கு யார் கடன் கொடுப்பது? அரசாங்கப் பத்திரம் பற்றி ஓர் எளிய விளக்கம்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் மாமனார் மின்னல் எஃப்எம் செய்தி கேட்பார். சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். ஒரு நாள் செய்தி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"அரசாங்கம் பத்திரம் போட்டிருக்காம் மாப்பிள்ளை. எந்த நிலத்தை எழுதிக் குடுத்துட்டான்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பத்திரம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வீடு, நிலம், கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்), கையெழுத்து. அரசாங்கம் வெளியிடுவது கடன் பத்திரம். "உன்னிடம் இத்தனை வெள்ளி வாங்கினேன், இன்ன தேதியில் திருப்பித் தருவேன், அதுவரை இத்தனை விழுக்காடு தந்துகொண்டிருப்பேன்" என்ற வாக்குறுதி, அவ்வளவுதான். எந்த நிலமும் கைமாறுவதில்லை. ஒரு காலத்தில் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். இப்போது அது கணினியில் ஒரு பதிவு.

கணக்கைப் பார்த்தால் இன்னும் எளிது. 1,000 வெள்ளி (ரிங்கிட்) மதிப்புள்ள பத்திரம், 10 ஆண்டு தவணை, 4 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். மலேசிய அரசாங்கப் பத்திரங்களில் வட்டி ஆண்டுக்கு இருமுறை வரும். அப்படியானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 20 வெள்ளி. பத்தாம் ஆண்டு முடிவில் போட்ட 1,000 வெள்ளி முழுதாகத் திரும்பி வரும். மொத்தத்தில் 400 வெள்ளி வட்டி. வங்கியில் வாங்கும் வீட்டுக் கடன்போல மாதாமாதம் அசலைக் கழித்துக்கொண்டே வருவதில்லை. அசல் கடைசி நாளில் ஒரே தவணையாக வரும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மரக் கதைக்கு இது தேவைப்படும்.

மாமனாரின் அடுத்த கேள்வி: "சரி, ஈடு என்ன?"

கோலாலம்பூர் லெபோ அம்பாங் பக்கம் செட்டியார் கிட்டங்கிகள் (வட்டிக்கடைகள்) இருந்த காலத்தைக் கேள்விப்பட்டவர் அப்படித்தான் கேட்பார். ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் அங்கே கடன் வாங்கியவர்கள் நிலத்தை ஈடு வைத்தார்கள். கட்ட முடியாதவர்களின் தோட்டம் செட்டியார் கைக்குப் போனது. அரசாங்கப் பத்திரத்துக்குப் பொதுவாக அப்படி ஈடு எதுவும் கிடையாது. நாட்டு மக்களிடம் வரி வசூலிக்கும் அதிகாரம்தான் அதன் பலம். அதனால்தான் தனியார் நிறுவனங்களை விட அரசாங்கத்துக்குக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கிறது.

நம் ஊரில் பெண்கள் பிடிக்கும் கூட்டு (சீட்டு) இதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். மலாய்க்காரர்கள் இதைக் "குத்து" என்பார்கள். பத்துப் பேர் மாதம் நூறு போட்டால் ஒருவருக்கு ஆயிரம் கிடைக்கிறது. சிறு பணம் சேர்ந்து பெரும் பணமாகிறது. வித்தியாசம் என்னவென்றால், கூட்டுத் தலைவி ஓடிவிட்டால் புகார் செய்யப் போகும் இடத்தில் நம்மைத்தான் முறைப்பார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

பங்கும் பத்திரமும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் குழம்புகிறார்கள். 1950-களில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது, தோட்டத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதைச் சமாளிக்கத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்களே மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்க, அந்தப் பணத்தில் சங்கம் தோட்டம் வாங்கியது. கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் அதன் முதல் தோட்டம். எங்கள் மாமனாரின் அப்பா அதில் உறுப்பினர். அவர் போட்டது பங்கு. தோட்டத்தில் லாபம் வந்தால் லாப ஈவு, ரப்பர் விலை விழுந்தால் பட்டை நாமம். ஆனால் தோட்டத்தில் அவருக்கு ஒரு பகுதி சொந்தம். கடன் பத்திரம் வாங்கியவருக்குத் தோட்டத்தில் ஒரு மரம்கூடச் சொந்தமில்லை. லாபம் கொழித்தாலும் அதே 20 வெள்ளி, நஷ்டம் வந்தாலும் அதே 20 வெள்ளி.

பத்திரத்தை இடையில் விற்கவும் செய்யலாம். உங்களிடம் 4 விழுக்காட்டுப் பத்திரம் இருக்கிறது, இன்னும் ஓராண்டு பாக்கி. சந்தையில் புதிதாக 5 விழுக்காடு கிடைக்க ஆரம்பித்துவிட்டால், உங்களுடையதை 1,000 வெள்ளிக்கு யார் வாங்குவார்? கிட்டத்தட்ட 990 வெள்ளிக்குக் கேட்பார்கள். அந்த விலையில் வாங்கினால்தான் அவர்களுக்கும் 5 விழுக்காடு கட்டுப்படியாகும். வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும் என்று செய்தித்தாள் வணிகப் பக்கத்தில் எழுதுவது இதைத்தான்.

இனி மரத்துக்கு வருவோம்.

ரப்பர் கன்றை நட்டால் பால் வெட்ட ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். வருடத்தைவிட மரத்தின் சுற்றளவுதான் கணக்கு என்பார் மாமனார். நெஞ்சு உயரத்தில் கயிறு சுற்றிப் பார்த்து, ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் வந்தால்தான் உளியை வைக்கவே விடுவார்களாம். அதற்கு முன்னால் பட்டையைக் கீறினால் மரம் வளராது, கிராணியிடம் (தோட்டக் கணக்கரிடம்) திட்டும் கிடைக்கும். அதுவரை அந்த நிரையில் மங்கு (பால் ஏந்தும் கோப்பை) கட்டும் வேலை கிடையாது, களை வெட்டும் வேலை மட்டும் உண்டு. செம்பனை பரவாயில்லை, மூன்று வருடத்தில் குலை தள்ளிவிடும். ஒட்டு டுரியானுக்கு ஐந்தாறு வருடம். தேக்கு என்றால் இருபது வருடத்துக்கு மேல். பாத்தாய் மாதிரி வேகமாக வளரும் மரத்தைக்கூட அறுவைக்கு விட எட்டுப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

கடனோ காத்திருக்காது. ரப்பர் போட 100,000 வெள்ளியை 4 விழுக்காட்டில் வாங்கினால் ஆண்டுக்கு 4,000 வெள்ளி வட்டி. ஆறு வருடத்தில் 24,000. அது ஒரு சொட்டுப் பால் இறங்குவதற்கு முன்னால் கட்ட வேண்டிய பணம். கட்டாமல் வட்டிக்கு வட்டி ஏறவிட்டால் ஆறாம் வருட முடிவில் கடன் 126,532 வெள்ளி. பத்து ஏக்கர் வைத்திருக்கும் சின்னத் தோட்டக்காரர் இதைத் தாங்க மாட்டார். வங்கியும் சும்மா இருக்காது. பெரும்பாலும் முதல் மாதத்திலிருந்தே தவணை கேட்கும்.

அரசாங்கம் நடுவில் வருவது இந்த இடத்தில்தான். அது நீண்ட தவணைப் பத்திரம் விற்றுப் பணம் திரட்டுகிறது. 10 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டுப் பத்திரங்கள்கூட மலேசியாவில் உண்டு. அசலைக் கடைசியில் கொடுத்தால் போதும், இடையில் வரும் வட்டியை வரிப் பணத்திலிருந்து கட்டிக்கொள்ளலாம். மரம் வளரும் வரை பொறுத்துக்கொள்ளும் கடன் கிடைப்பது அப்படித்தான்.

அதைச் செய்துகாட்டிய பழைய உதாரணம் ஒன்று பினாங்குக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1960-களின் பின்பாதியில் கட்டப்பட்டது. உலக வங்கி 45 மில்லியன் அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. ஒருபோகம் விளைந்த வயல்கள் இருபோகமாயின. பகாங்கில் நிலக் குடியேற்ற நிறுவனமான ஃபெல்டாவின் ஜெங்கா முக்கோணத் திட்டத்துக்கும் 1968-இல் உலக வங்கிக் கடன் வந்தது. அந்த உலக வங்கிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, அது உலகச் சந்தையில் விற்கும் கடன் பத்திரங்களிலிருந்துதான். எங்கோ நியூயார்க்கில் பத்திரம் வாங்கிய ஓய்வூதியக்காரரின் டாலர் அலோர் ஸ்டார் வயலில் தண்ணீராகப் பாய்ந்திருக்கிறது.

இன்றைய மலேசியாவில் பத்திரங்களை மத்திய அரசாங்கத்துக்காக மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஏலம் விடுகிறது. வழக்கமான வட்டிப் பத்திரம் ஒரு வகை. இன்னொன்று இஸ்லாமிய முறையில் வருவது, 1983-இலிருந்து இருக்கிறது. இந்த இரண்டாவது வகையைப் பொதுவாக சுக்கூக் என்பார்கள். (மாமனார் காதில் சுக்கு என்று விழுந்து, சுக்குக் காப்பி வரை பேச்சு போய்வந்தது.) சுக்கூக்கில் வட்டி வாங்கக்கூடாது என்பதால் ஒரு பொருளை வாங்கி, லாபம் சேர்த்து, தவணைக்கு விற்பதுபோல ஒப்பந்தத்தை அமைக்கிறார்கள். அந்தப் பொருள் பல நேரம் என்ன தெரியுமா? கச்சாச் செம்பனை எண்ணெய். அதற்கென்றே பங்குச் சந்தை நிறுவனமான புர்சா மலேசியா 2009-இல் ஒரு சந்தையைத் திறந்தது. நெடுஞ்சாலை போட எடுக்கும் கடனிலும் காகிதத்தில் செம்பனை எண்ணெய் கைமாறியிருக்கக்கூடும்.

இவற்றை வாங்குகிறவர் யார் என்றால், பெரும் பங்கு நாம்தான். இ.பி.எஃப் எனும் ஊழியர் சேமநிதி 1 டிரில்லியன் வெள்ளிக்கு மேல் வைத்திருக்கிறது. அரசாங்கப் பத்திரங்களை வாங்குகிறவர்களில் அது மிகப் பெரியது. இது தற்செயல் அல்ல. 25 வயதுக்காரரின் சேமநிதியில் பெரும்பகுதியை 55 வயது வரை எடுக்க முடியாது. ஆக, முப்பது வருடம் பொறுக்கக்கூடிய பணம் அது. தேக்கு மரத்துக்கும் சம்பளச் சீட்டில் பிடிக்கும் 11 விழுக்காட்டுக்கும் இப்படி ஒரு பொருத்தம்.

ஆனால் ஒன்று. சாதாரண அரசாங்கப் பத்திரத்தில் "இது மரத்துக்கு" என்று எழுதியிருக்காது. பணம் மொத்தமாக வளர்ச்சிச் செலவுக்குப் போகிறது. அதிலிருந்து பள்ளிக்கூடம், ரயில், வாய்க்கால், மறுநடவு எல்லாவற்றுக்கும் பிரிகிறது. எந்த வெள்ளி எந்தக் கன்றுக்குப் போனது என்று தேட முடியாது. பெயர் குறித்துக் கடன் வாங்கும் முறை பிறகு வந்தது. 2021 ஏப்ரலில் மலேசியா 1.3 பில்லியன் அமெரிக்க டாலர் சுக்கூக் விற்றபோது, அதில் 800 மில்லியன் டாலரைச் சுற்றுச்சூழல், சமூகத் திட்டங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. டாலரில் ஓர் அரசாங்கம் சுற்றுச்சூழல், சமூகம் இரண்டுக்கும் சேர்த்து சுக்கூக் வெளியிட்டது உலகிலேயே அதுதான் முதல் முறை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இன்னும் நேரடியாகச் செய்கிறது: 2024 நவம்பரில் வாக்காளர்களிடமே கேட்டு 10 பில்லியன் டாலர் பத்திரத்துக்கு ஒப்புதல் வாங்கியது. அதில் காட்டுத்தீயைத் தடுக்கவும் காட்டைப் பராமரிக்கவும் 1.5 பில்லியன், விவசாயத்துக்கு 300 மில்லியன் என்று முன்கூட்டியே பிரித்து எழுதியிருந்தார்கள்.

"அப்போ நம்ம சிலாங்கூரும் அப்படிப் பத்திரம் போட வேண்டியதுதானே?" என்றார் மாமனார்.

முடியாது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் சுவாரசியமாகப் பட்ட சிக்கல் இதுதான். நம் அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம், விவசாயம், வனம் எல்லாம் மாநிலத்தின் கையில். காட்டை வெட்டுவதா வைப்பதா என்று முடிவெடுப்பது மாநில அரசு. வெட்டினால் வரும் ராயல்டியும் அதற்குத்தான். ஆனால் கடன் வாங்கும் அதிகாரத்தை 111-ஆவது ஷரத்து கட்டிப்போடுகிறது. ஒரு மாநிலம் மத்திய அரசிடம் கடன் வாங்கலாம். இல்லையென்றால் மத்திய அரசு அங்கீகரித்த வங்கி அல்லது நிதி அமைப்பிடம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுத் தவணையில் வாங்கலாம். சபா, சரவாக்குக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் சலுகை: பேங்க் நெகாரா ஒப்புக்கொண்டால் மாநிலத்துக்குள் கடன் திரட்டலாம்.

ஐந்து ஆண்டு என்று கேட்டதும் மாமனார் சிரித்துவிட்டார். "அஞ்சு வருஷத்துல வாழை வெட்டலாம், பப்பாளி பறிக்கலாம். பால் வெட்ட முடியுமா?"

விதி போட்டவர்களுக்கும் காரணம் இருக்கிறது. பதின்மூன்று மாநிலங்களும் இஷ்டத்துக்குக் கடன் வாங்கினால் கடைசியில் மத்திய அரசுதான் அடைக்க வேண்டிவரும். ஆனால் அதன் பக்கவிளைவு இப்படி: காடு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் நீண்டகாலப் பணம் இல்லை. மாநிலக் கருவூலத்துக்கு இந்த ஆண்டே காசு வேண்டுமென்றால், நிற்கும் மரத்தைவிட வெட்டிய மரம்தான் உதவும். இதைச் சமாளிக்க மத்திய அரசு 2019-இலிருந்து, காட்டைக் காப்பாற்றும் மாநிலங்களுக்கென ஒரு மானியம் கொடுக்கிறது. முதலில் 60 மில்லியன் வெள்ளி. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 250 மில்லியன். நல்ல முயற்சிதான். என்றாலும் மானியம் ஆண்டுக்கு ஆண்டு பட்ஜெட்டில் வந்தால் உண்டு. முப்பது வருடக் கடனைப் போல அதை நம்பி இன்று கன்று நட முடியாது. மரத் தோட்டங்களுக்கு மத்திய அரசு 2007-இல் ஒரு குறைந்த வட்டிக் கடன் திட்டத்தையும் தொடங்கியது. 15 ஆண்டில் 375,000 ஹெக்டர் என்பது அப்போது வைத்த இலக்கு. கடன் மத்திய அரசுடையது, நிலம் பெரும்பாலும் மாநிலத்தின் பிடியில். எந்த வழியில் போனாலும் இரண்டு கையெழுத்து வேண்டியிருக்கிறது.

திட்டம் சரியாக வராவிட்டால் யார் கட்டுவது? ஃபெல்டாவைப் பாருங்கள். 1956-இல் தொடங்கி, நிலமில்லாத குடும்பங்களைக் குடியேற்றி, ரப்பரும் செம்பனையும் போட்டுக் கொடுத்த நிறுவனம். ஏழ்மையை ஒழித்த கதையாக உலகம் முழுக்கப் பேசப்பட்டது, அதில் உண்மையும் உண்டு. (குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க் குடும்பங்கள். துண்டாடலில் வீடிழந்த நம் தோட்டத்து ஜனங்களில் வெகு சிலருக்குத்தான் அங்கே இடம் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) பிற்காலத்தில் ஃபெல்டா பெரும் கடனில் சிக்கியது. பழைய கடன்களை மாற்றியமைக்க அரசாங்க உத்தரவாதத்துடன் சுக்கூக் வந்தது. 2023-இல் அரசாங்கம், குடியேற்றக்காரர்களின் 8.3 பில்லியன் வெள்ளிக் கடன் தீர்க்கப்படுவதாகவும், ஃபெல்டாவின் சுக்கூக்கை அடைக்க ஆண்டுக்குச் சுமார் 990 மில்லியன் வெள்ளி தருவதாகவும் அறிவித்தது. பத்திரம் வாங்கியவருக்கு ஒரு காசு குறையவில்லை. கட்டுவது கருவூலம், அதாவது வரி செலுத்தும் எல்லோரும்.

அரசாங்க உத்தரவாதம் என்ற சொல்லைப் பார்த்தால் அதனால்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வாங்குகிறவருக்கு அது பாதுகாப்பு. நாட்டுக்கு அது இன்னும் எழுதப்படாத ஒரு செலவு. ஏற்கெனவே மத்திய அரசு கடனுக்கான வட்டியாக மட்டும் ஆண்டுக்கு 50 பில்லியன் வெள்ளிக்கு மேல் கட்டுகிறது. 2023-இல் வந்த பொது நிதிச் சட்டம், கடன் நாட்டு உற்பத்தியில் 60 விழுக்காட்டுக்குள் வரவேண்டும் என்று இலக்கு வைத்திருப்பதும் இந்தப் பயத்தில்தான்.

சாதாரண மனிதர் நேரடியாக வாங்கிய அரசாங்கப் பத்திரம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது 2020-இல் கோவிட் நேரத்தில் வந்த சுக்கூக் பிரிஹத்தின். குறைந்தது 500 வெள்ளி, இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 2 விழுக்காடு. கைத்தொலைபேசியிலேயே வாங்கலாம். 500 மில்லியன் கேட்டார்கள், 666 மில்லியன் வந்தது. நானும் 500 போட்டேன். ஆண்டுக்குப் பத்து வெள்ளி வந்தது, ஒரு ரொட்டிச் சானாய்க் காலையுணவுக்குச் சரியாகப் போனது. அது மரத்துக்கான பத்திரம் இல்லை, ஆனால் சிறு கைகளிலிருந்து பணம் திரட்ட முடியும் என்று காட்டியது.

போன மாதம் மாமனாரை கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகத்துக்கு அழைத்துப் போனேன். ஈயம் தோண்டிப் பாழாகிக் கிடந்த நிலத்தில் 1920-களின் பிற்பகுதியிலிருந்து நட்டு வளர்த்த காடு அது. 2025-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. அங்கே கபூர் மரங்களுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் கொப்பு இன்னொன்றைத் தொடாது. நடுவில் வானம் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரியும். மாமனார் பழக்கதோஷத்தில் ஒரு மரத்தைக் கையால் அணைத்து அளந்து பார்த்தார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "மரம் நடுறதுக்குன்னே முப்பது வருஷப் பத்திரம் வந்தா வாங்குவீங்களா மாமா?"

"எனக்கு எண்பத்தொண்ணு ஆச்சு. பேத்தி பேருல போடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பத்துமலைத் திருப்பம் வந்தபோது, "போடுறதுக்கு முன்னாடி அந்த நிலத்தோட கிராண்ட் யாரு பேருல இருக்குன்னு பாத்துக்க" என்றார்.